காரணம்: இரண்டு விரல் அகலம்

விபத்துப் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
போன வருடம் அதில்
‘தேனீக்களின் மூர்க்கம்’ என்று எழுதிவிட்டு
சாப்பிடப் போனவள்தான் நான்.
ஹெர்லிந்தா கவிச், குடிமைப் பாதுகாப்புப் பிரிவு,
திசிமின், யுகாத்தான்.

இந்த வருடம் பேனா நகரவில்லை.

அக்டோபர் கடைசி வாரம்.
இறந்தவர்கள் சாப்பிட வரும் நாள் நெருங்குகிறது.
மழை வளர்த்த புல் கல்லறைகளின் இடுப்பு வரை.
பச்சை, ரோஜா, நீலம் என்று
குட்டி வீடுகளாய் நிற்பவற்றுக்கு நடுவில்
எலெவுத்தேரியோ போத்
புல்வெட்டி இயந்திரத்தின் கயிற்றை
மூன்று முறை இழுத்தான்.
மூன்றாவதில் அது உறுமியது.

1987இல் மறைந்த தோன்யா ரெஃபுஹியோ கனுல்,
அவர் கல்லறையின் பின்சுவரில் ஒரு விரிசல்.
விரிசலுக்குள் இன்னொரு குடும்பம்.
எலும்புக்கும் அவர்களுக்கும் சண்டையே இல்லை.

அவனுக்குக் காதில் கேட்டது,
அவர்களுக்குக் காலில் கேட்டது.
சிமெண்ட் வழியாக, மெழுகு வழியாக,
மூடிய அறைகளில் புழுவாய்க் கிடக்கும்
பிள்ளைகள் வழியாக ஏறியது அந்த உறுமல்.
எட்டிப் பார்த்த முதல் காவல்காரிக்கு
இயந்திரம் என்றால் என்னவென்று தெரியாது.
தெரிந்தது கறுப்புச் சட்டை,
அடர்ந்த முடி, மூக்கிலிருந்து வரும் சூடான மூச்சு.
கரடியை ஒருநாளும் பார்த்திராதவளுக்கும்
கரடி எப்படி இருக்கும் என்று தெரியும்.

அவன் அவளைக் கழுத்தோடு வைத்து அறைந்தான்.
யார்தான் அறைய மாட்டார்கள்.

“யாரோ வாழைப்பழம் உரிக்கிற வாசனை வந்தது”
என்றான் மருத்துவமனையில்,
கண் இரண்டும் காணாமல் போன முகத்தோடு.
“கல்லறையில் யார் பழம் தின்பது என்று திரும்பினேன்.”

அது பழம் இல்லை, எலெவுத்தேரியோ.
செத்தவள் உன் தோலில் விட்டுப்போன கொடுக்கு
இங்கே, இங்கே என்று
மற்றவர்களைக் கூப்பிடும் வாசனை.
எனக்கு ஒருநாள் பயிற்சியில் சொன்னார்கள்.
உனக்குக் கொடுத்தது
ஓர் இயந்திரமும் அரை கேன் பெட்ரோலும்.

என் அடையாள அட்டையின் விளிம்பால்
அவன் முதுகைச் சுரண்டினேன்.
நூற்று நாற்பதோடு செவிலி எண்ணுவதை விட்டுவிட்டாள்.
ஒவ்வொரு கொடுக்கின் அடியிலும்
ஒரு துளி வயிறு
இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

மாலையில் காவலாளி நாசாரியோ ஊக் வந்தார்.
தொப்பியை விரல்களில் சுழற்றிக்கொண்டே நின்றார்.
திங்கட்கிழமை எண்ணெய்த் துணியைக் கொளுத்தி
விரிசலில் செருகினாராம்.
போய்விடும் என்று பார்த்தாராம்.
போகவில்லை. விழித்திருந்தன, புதன் வரை.

அதை எழுதினால் அவர் வேலை போகும்.
கட்டத்தில் இடமும் இல்லை.

இரவில் தீயணைப்பு வண்டி சோப்புத் தண்ணீர் அடித்தது.
தூறல் போல ஒரு சத்தம். பிறகு
அதுவும் இல்லை.

விடிந்ததும் கல்லை நகர்த்தினோம்.
ஏழு அடை. தூக்கினால் கனமே இல்லை.
மஞ்சள் தஹொனால் பூக்க இன்னும் இரண்டு மாதம்.
இருந்த தேன் ஒரு காப்பிக் கோப்பைக்குக் காணாது,
மிச்சமெல்லாம் மூடி போட்ட பிள்ளைகள்.
ஏதோ புதையலைக் காக்கிறார்கள் என்றல்லவா
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இல்லாத வீட்டில்தான்
கதவைத் தட்டினால் கோபம் வரும்.
எங்கள் தெருவில் தவணைப் பணம்
வசூலிக்க வருகிறவனைக் கேளுங்கள்.

கட்டத்தில் ‘அக்டோபர்’ என்று எழுதினேன்.
“இது மாதம், காரணம் இல்லை” என்று
திருப்பி அனுப்பினார் மேலதிகாரி.
‘இயந்திர அதிர்வு’ என்று மாற்றினேன்.
முத்திரை விழுந்தது.

நவம்பர் இரண்டு. கனுல் குடும்பம்
மண்ணுக்குள் வேகவைத்த சோள அப்பத்தை
வாழையிலையோடு பிரித்து வைத்தது.
விரிசல் பூசியாகிவிட்டது, சிமெண்ட் இன்னும் ஈரம்.
அன்று வெளியே போயிருந்தவளாக இருக்கும்,
ஒருத்தி மட்டும் சுவரில்
வாசலைத் தேடிக்கொண்டிருந்தாள்.
யாரோ கையை ஓங்கினார்கள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.