இருபத்தாறு சென்டிமீட்டர்

முப்பது சென்டிமீட்டர் மர அடிக்கோல்.
மேல்முனையை சென்றாயன் பிடித்திருப்பார்.
கீழே பூஜ்யத்துக்கு நேராக
உங்கள் இரண்டு விரல்கள்
தொடாமல் காத்திருக்க வேண்டும்.
சொல்லாமல் விடுவார்.
எத்தனையாவது கோட்டில் பிடித்தீர்களோ
அவ்வளவுதான் நீங்கள்,
அன்றைய தேதியில்.

சேலத்தில், உடலியங்கியல் ஆய்வகத்தில்
முதலாண்டுப் பிள்ளைகளுக்கு
வருடம் ஒருமுறை இந்த விளையாட்டு.
அம்மாபேட்டை யுகேஷ் பதினான்கில் பிடித்தான்,
ராத்திரி முழுக்க போனில் சுடுகிறவன்.
வாழப்பாடி ஜெசிந்தா பதினெட்டு.
கோலைத் தரைக்கு விட்டுவிட்டுச் சிரித்தவர்கள் ஆறு பேர்.

"மேடம், நீங்க?"

எனக்கு ஐம்பத்தொன்று.
வேலையில் சேர்ந்த வருடம் பதினாறு.
போன வருடம், யாரும் இல்லாத மதியத்தில், இருபத்தாறு.
நடுவே போனது
வினாடியில் இருபதில் ஒரு பங்கு.
முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டியில் போனால்
அது ரோட்டில் ஒரு முழம்.
முழம் என்றால் எவ்வளவு என்று
நாலு ரோடு சிக்னலில்
ஒரு ஆட்டோவின் பின்விளக்கு எனக்குக் காட்டியிருக்கிறது.

நடுமூளையில் கறுத்த ஒரு கீற்று.
அங்கிருந்து கிளம்புகிறது டோபமின்,
கைக்கு "சரி, போ" என்று சொல்கிற சரக்கு.
பத்து வருடத்துக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு
அதை வாங்கும் வாசல்கள் அடைபடும்.
போர்டில் இருப்பது என் கையெழுத்துதான்.
எழுதியபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

அன்றைக்கு நான் பிடித்தது பத்தொன்பதில்.
பிள்ளைகள் கைதட்டினார்கள்.

திருட்டு.
கோலை நான் பார்க்கவே இல்லை.
சென்றாயனின் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன்.
அழுத்தும்போது வெளுத்திருக்கும்,
விடுவதற்குக் கொஞ்சம் முன்னால்
ஓரத்தில் சிவப்பு ஏறும்.
ஓட முடியாதவள் முன்கூட்டியே கிளம்புகிறேன்,
அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை மேடம்!"

நகம் சிவந்தது.
கோல் வரவில்லை.
வெளுத்தது. மறுபடி சிவந்தது.
நான் வெறுங்காற்றைப் பிடித்துவிட்டேன்.
அவசரக் குடுக்கை என்று சிரித்தார்கள்.
சென்றாயனும் சிரித்தார்,
கண்வரைக்கும் ஏறவில்லை அந்தச் சிரிப்பு.
அதற்கப்புறம்தான் விழுந்தது கோல்.

இத்தனை வருடமும்
பிடிக்கிற கைகளையே
ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.
விடுகிற கைக்கு
ஒரு கட்டம்கூடப் போடவில்லை.

வியாழக்கிழமை நரம்பியல் ஓ.பி.
மாத்திரை அட்டை அவர் சட்டைப் பையில்.
என்ன சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை.
ஏற்காட்டில் எனக்கும் ஒரு வேலை என்று
பொய் சொல்லி பஸ் ஏறினேன்.

டிரைவருக்கு என் வயதுக்கு மேலிருக்கும்.
பதினோராவது வளைவு கண்ணில் படும் முன்பே
கியரை மாற்றிவிட்டார்.
மலையிடம் அவரும்
ஏதோ ஒரு நகத்தைப் பார்த்துவைத்திருக்கிறார்.
காதடைத்தது. மிளகுக்கொடி வாசம் வந்தது.
சென்றாயன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
ஒவ்வொரு திருப்பத்துக்கும் சரியாகச் சாய்ந்தார்.
முப்பது வருடப் பயணம்,
உடம்புக்கு அது மனப்பாடம்.

ஒண்டிக்கடை.
எழுந்தார். கம்பி விடவில்லை.
விட மாட்டேனென்றது கம்பியா விரலா என்று
பார்ப்பவருக்குத் தெரியாது.
விசிலை உதட்டில் வைத்த கண்டக்டர் ஊதாமல் நின்றார்.
பின்சீட்டில் யாரோ "ச்ச்" கொட்டினார்கள்.
எண்ணக்கூடாது என்றிருந்தேன்.
நாலு வரைக்கும் எண்ணிவிட்டேன்.

இறங்கியவர் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.
"நாளைக்கி நகத்தப் பாக்காதீங்க மேடம்.
அது இப்பல்லாம் பொய் சொல்லுது."

நான் பதில் தேடி எடுப்பதற்குள்
பஸ் நகர்ந்துவிட்டது.