காரணம்: மற்றவை

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
கருவி. மின்சாரம். ஆள். மற்றவை.
காற்றுக்குக் கட்டம் இல்லை.

சிலிம் ரிவர், மூடிக் கிடக்கும் சினிமாக் கொட்டகையின் மொட்டைமாடி.
ஒரு கம்பம், அதில் பிஸ்கட் டின் அளவு பெட்டி.
அதன் கண்ணாடி பார்ப்பது
ஆயிரத்து நானூறு மீட்டர் தள்ளி
செம்பனை ஆலையின் அலுவலகக் கூரையை.
அங்கேயும் ஒரு பெட்டி.
இரண்டும் இமைக்காமல் பார்த்துக்கொண்டால்
எனக்குச் சம்பளம்.

பாலம் கட்ட வந்தவர்கள் கேபிளை வெட்டி ஏழு மாதம்.
மறுபடி தோண்ட அனுமதி கேட்ட கடிதம்
ஈப்போவில் தூங்குகிறது.
அதுவரை
லாரி எடை, குலை எண்ணிக்கை,
நூற்று எண்பது பேரின் சம்பளக் கணக்கு,
இரவில் ஆலை வாசலில் குந்தி
பையன்கள் பார்க்கும் பந்தாட்டம்,
எல்லாம்
கண்ணுக்குப் புலப்படாத ஒரு வெளிச்சத்தில்
ஓலைகளுக்கு மேலே போய் வருகின்றன.
குறுக்கே கை நீட்டினால்
கையில் சூடுகூடப் படாது.
புவனேசனின் திரை மட்டும் அங்கே நின்றுபோகும்.

காலை ஆறே முக்கால். மூடுபனி.
"ரூபி அக்கா, அங்க மழையா?"
மழையென்றால் பரவாயில்லையே.
மழைத்துளி பெரிது. துளிக்கும் துளிக்கும் நடுவே
நுழைந்து வந்துவிடும் வெளிச்சம்,
கொஞ்சம் இளைத்து.
பனித்துளியோ பொடி.
கிட்டத்தட்ட அலையின் அளவுக்கே இறங்கி நின்று
ஒவ்வொன்றும் தடுத்து, தோளைத் திருப்பி
வேறு பக்கம் அனுப்பிவிடும்.
கோடிக்கணக்கில் அப்படி.
வழி கேட்டவன் வீடு சேர்வதில்லை.

துணைக்கு ரேடியோத் தட்டு ஒன்று உண்டு.
ஒற்றையடிப் பாதை, கணக்கு மட்டும் நடக்கும்.
அது பனியைச் சட்டை செய்யாது;
சாயங்கால மழை கொட்டினால் முதலில் படுப்பதும் அதுதான்.
"ஒருத்தருக்கு ஆகாதது மத்தவருக்கு ஆகும்,
புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றான் ஹஃபிஸ்,
பள்ளியில் எங்களோடு பழகிய தமிழில்.
அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை.

ஆகஸ்டில் கடலுக்கு அப்பால் எங்கோ காடு எரியும்.
மூக்குக்குத் தெரியும் முன்
என் எண்களுக்குத் தெரிந்துவிடும்:
மைனஸ் பத்தொன்பது, இருபத்து இரண்டு.
உச்சிவெயிலில் தகரக்கூரை கொதிக்க
காற்றே நெளிந்து
ஒளிப்பொட்டு அங்கே குடிகாரன் போல் ஆடும்.
இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்று.
பதினோரு நாளாக, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு
இணைப்பு விழுகிறது.
வானம் துடைத்து வைத்தது போல் இருக்கிறது.
போல்ட்டு முறுக்கினேன். கண்ணாடி துடைத்தேன்.
தகைவிலான்களைச் சந்தேகித்தேன்;
அவை ஏழு மணிக்குத்தான் கம்பிக்கு வரும்.
லிம் கேட்கிறார்: யார் தவறு? ஒரு பெயர் எழுது.

பன்னிரண்டாம் நாள் தொலைநோக்கியோடு ஏறினேன்.
மூன்று முப்பத்தொன்பது.
ஆலையில் பழம் வேகும் தொட்டி
பெருமூச்சு விட்டது.
நாளெல்லாம் விடுவதுதான். ஆனால் இந்நேரம்
மலைக்காற்று திரும்புகிறது.
வெள்ளை வெள்ளையாய் நீராவி சாய்ந்து
தன் கூரைமேலேயே உட்கார்ந்தது,
தன் கண்ணைத் தானே பொத்திக்கொண்டு.

"நீங்களேதான்டா" என்றேன் போனில்.
சிரிக்கவில்லை புவனேசன்.
"பழம் வேகணும்ல அக்கா."

பெட்டியை ஆறு மீட்டர் நகர்த்த வேண்டும்.
அதற்கும் கடிதம், அதற்கும் ஈப்போ.
மற்றவை என்ற கட்டத்தில் குறி போட்டு
பக்கத்தில் எழுதினேன்: ஆவி.
லிம் சுற்றி வட்டமிட்டு
மூன்று கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்.

இப்போது மூன்று முப்பத்தெட்டுக்கு அழைப்பான்.
"வரப்போகுது."
அதற்குள் கணக்கைத் தள்ளிவிட்டிருப்பான்.
போனை வைக்காமல்
அவன் அந்தக் கூரையடியில், நான் இந்தக் கூரைமேல்.
வெள்ளை வருகிறது, தங்குகிறது.
ஒரு லாரி ஹாரன் அவன் பக்கம் கேட்டு
கொஞ்சம் தாமதமாக என் பக்கமும் கேட்கிறது.
எண் ஏறத் தொடங்குகிறது.
மைனஸ் முப்பத்தொன்று. இருபத்தாறு. பதினெட்டு.

"வந்துருச்சு" என்கிறான்.