தரம் பிரித்தல்

மேல்விஷாரத்தில் பத்தொன்பது வருஷம்
தோலுக்குத் தரம் போடுகிற வேலை எனக்கு.
வெளிச்சத்தில் விரித்தால் போதும்,
ஆடு எந்த வேலிமுள்ளில் மாட்டியது,
உண்ணி எத்தனை நாள் தொங்கியது,
உரித்தவன் கத்தி எங்கே நடுங்கியது,
எல்லாம் சொல்லிவிடுவேன்.

என் புறங்கையில் வந்த வளையத்துக்கு மட்டும்
பேர் தெரியவில்லை.

படைதாண்டா, என்றான் அன்சர் பாஷா.
களிம்பு வாங்கித் தந்தான், காசு வாங்கவில்லை.
வளையம் முழங்கைக்கு ஏறியது. பிறகு கழுத்து.
பிறகு முதுகு; அதைச் சம்பூரணம்தான் எண்ணினாள்,
முப்பத்தெட்டில் நிறுத்திவிட்டு
விளக்கை அணைத்தாள்.
அந்த ஒரு சொல்லை இருவருமே சொல்லவில்லை.
காட்பாடியில் கரிகிரி பஸ் வந்து நின்றபோது
ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டோக்கன் நூற்றுப் பதினேழு.
டாக்டர் லிடியா பஞ்சால் வருடினார்.
தெரிகிறதா?
தெரிகிறது.
இங்கே?
தெரிகிறது.
நல்லது, என்று எழுதிக்கொண்டார்.
கொத்தமல்லி விதையளவு ஒரு துண்டு
புறங்கை வளையத்திலிருந்து எடுத்தார்,
நான் சாம்பிள் வெட்டுகிற மாதிரியே,
ஓரமாக, யோசித்து.

தாள் வந்தது. குஷ்டம் இல்லை. காசநோய் இல்லை.
கிரானுலோமா, என்றார். தோலுக்குள் அணுக்கள் கூட்டம் கூடி
கலையாமல் நிற்கின்றனவாம்.
எதற்குக் கூடின?
அதை மட்டும் கேட்காதீர்கள். அபூர்வமானது.
எங்கள் தொழிலில் அபூர்வமான தோலுக்கு விலை அதிகம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை, சம்பூரணம் முறைத்தாள்.

பிறகு வழிகளைச் சொன்னார்.
வளையத்துக்கு வளையம் ஊசி போடலாம், தோல் மெலியும்.
எனக்குத் தெரியும். ஷேவிங் மெஷின் கொஞ்சம் அதிகம் கடித்தால்
மறுபக்கத்து விரல் தெரியும்.
மலேரியா மாத்திரை உண்டு,
கண்ணைச் சோதித்துக்கொண்டே விழுங்க வேண்டும்.
கண்ணை வைத்துத்தானே எனக்குச் சோறு?
குஷ்டத்துக்குத் தருகிற மாத்திரை
இதற்கும் சிலருக்குக் கேட்கும், என்றபோது
சம்பூரணம் என் சட்டை நுனியைப் பிடித்தாள்.
காலி அட்டையைக் குப்பையில் பார்த்தால்
எதிர்வீடு என்ன படிக்கும்?
புது ஊசி ஒன்று. விலையைச் சொன்ன கையோடு
அவரே பக்கத்தைத் திருப்பிவிட்டார்.
வாரம் மூன்று நாள் ஒளிப்பெட்டி,
குழல்விளக்குகளுக்கு நடுவில் துணியில்லாமல்.
இல்லை, ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.
இரண்டு வருஷத்தில் தானே போகலாம்.
போகாமலும் இருக்கலாம்.

யோசித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

ஐந்தாம் வாரம், ஒரு தோலைத் தூக்கிப் பிடித்தபோது
கண்ணில் பட்டது என் கை.
வெட்டிய அந்த வளையம் மட்டும் இல்லை.
தையல் போட்ட புள்ளி இருந்தது, சுற்றி ஒன்றுமில்லை.
சில நேரம் இப்படி ஆகும், என்றார் டாக்டர்,
ஏன் என்று சரியாகத் தெரியாது.
அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டிவிடுங்களேன்.
இத்தனை துளையா, என்று சிரித்தார் இந்த முறை,
சல்லடையா ஆகப்போகிறீர்கள்?

நேற்று ஒரு செம்மறித்தோல். விலாவில் வட்டமாகத் தழும்பு,
எப்போதோ வந்து ஆறியது.
அன்சர் தோலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
மூன்றாம் தரம், என்று சாக்பீஸால் எழுதினேன்.
தொழில் தொழில்தான்.

ஒளிப்பெட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறேன்.
திங்கள், புதன், வெள்ளி.
வெள்ளிக்கிழமை எப்படியும் அரைநாள்தான்,
மற்ற இரண்டையும் அன்சர் பார்த்துக்கொள்வான்.
கண்ணை மூடிக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவார்களாம்.
அவ்வளவு வெளிச்சத்தில் நின்றும்
தோலைப் பார்க்காமல் இருக்கப்போவது
எனக்கு இதுதான் முதல் தடவை.