நாற்பது வினாடிச் சிவப்பு

ஹாலிஸ் தெரு சிக்னலில்
என் பேருந்துக்கு நாற்பது வினாடிச் சிவப்பு.
அந்த ஓவியத்தை நான்
நாற்பது நாற்பது வினாடியாகத்தான் பார்த்தேன்,
ஒரு கோடை முழுக்க.

தலைக்குமேல் நெடுஞ்சாலை தடதடக்கும்.
அடியில், ஏணி மேல், வெர்னெல் புரூயிட்.
மருத்துவமனை வாகன நிறுத்தத்தில்
பதினோரு வருஷம் மஞ்சள் கோடு போட்ட கை.
வேறு பள்ளிக்கூடம் கிடையாது.

பெயின்ட்டெல்லாம் கடையில் திருப்பிக் கொடுத்தவை.
யாரோ வேண்டாமென்ற பச்சை,
யாரோ மனம் மாறிய ஊதா, டப்பா மூன்று டாலர்.
கறுப்பை மட்டும் அவள் வாங்குவதில்லை.
"அதை வைத்து டயர் வரையலாம்,
நம்மை வரைய முடியாது" என்றாள்
ஒருநாள் என் ஜன்னலைப் பார்த்து.
ஒரு கன்னத்துக்கு ஒன்பது டப்பா திறந்திருந்தது.

முதல் தூணில் ஒரு கதவு.
இரண்டாவதில் கதவு, அஞ்சல் பெட்டி.
மூன்றாவதில் கதவைத் திறந்துகொண்டு
ஷிப்டுக்குக் கிளம்பும் ஓர் ஆள், வாயில் ரொட்டித் துண்டு.
எந்தத் தூண் எந்த வீட்டின்மேல் நிற்கிறதோ
அந்த வீட்டின் கதவு அதில்.
பழைய வரைபடத்தை நகராட்சியிலேயே எடுத்தாளாம்.
இடிக்க வேண்டிய வீடுகளுக்கு
எவ்வளவு ஒழுங்காக எண் போட்டிருக்கிறார்கள்!
நேராகப் போயிருக்கலாம் இந்தச் சாலை.
வெள்ளைக்காரர் தோட்டங்களைக் கண்டு கூச்சப்பட்டு
எங்கள் சமையலறைகளுக்குள் வளைந்தது.

ஆகஸ்டில் ஒரு போலீஸ் கார்.
அனுமதிச் சீட்டைக் காட்டினாள். மறுபடி காட்டினாள்.
பச்சை விழுந்தும் நான் நகரவில்லை.
பின்னால் ஹாரன். அடிக்கட்டும்.

அடுத்த வாரம் நான்காம் தூணில்
யாரோ ஒரு கெட்ட வார்த்தை.
நகராட்சி ஆட்கள் வந்து
வார்த்தையோடு கதவையும்
சாம்பல் நிறச் சதுரமாக்கிவிட்டுப் போனார்கள்.
அவள் அந்தச் சாம்பலைத் தொடவில்லை.
நாலு ஓரமும் சட்டம் போட்டாள், நடுவில் குறுக்குக் கம்பி.
ஜன்னல் ஆயிற்று. மழைக்காலை.
கண்ணாடியில் மூக்கை அழுத்துகிறாள் ஒரு சிறுமி.

பிறகு அக்டோபரில்,
மணிக்கயிற்றை இழுத்தார் மிஸ் ஒரீதா காஃபி.
திங்களும் வியாழனும் டயாலிசிஸுக்குப் போகிறவர்,
என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை.
"கைப்பிடி தப்பு" என்றார்.
"எங்கள் கதவு இடது பக்கம் திறக்கும்.
இறங்கிச் சொல்ல வேண்டும்."

நிறுத்தமில்லாத இடத்தில் கதவைத் திறந்தால்
எனக்கு மெமோ வரும்.
சிவப்பில் இன்னும் முப்பத்தொரு வினாடி இருந்தது.
திறந்தேன்.