பின்சக்கரங்களுக்கு நடுவே ஒரு கம்பி

யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசினாராம்.
எங்களுக்கு அங்குசத்தோடு யானையைச் சும்மா தந்தார்கள்:
வாரகுலில் சரிவான முக்கால் ஏக்கர்,
மூலையில் ஒரு வீடு,
தகரத் தபால்பெட்டி,
ஏறி உட்கார்ந்து புல் வெட்டுகிற
பச்சை வண்டி.

நவம்பர். கவுன்சில் கடிதம்.
வெள்ளிக்கிழமைக்குள் புல் கணுக்காலுக்குக் கீழே வரவேண்டும்,
இது தீப்பிடிக்கும் காலம், இல்லையேல் அபராதம்.
நடுச்சரிவில் இரண்டு தரம் இருமி
நின்றுவிட்டது வண்டி.
பாதி சிரைத்த தலையோடு
சலூனிலிருந்து எழுந்து வந்தவன்போல
எங்கள் நிலம்.

"கேட்டடிக்குத் தள்ளி வையுங்கள்,
ஈர மண்ணில் என் லொறி இறங்காது" என்றான்
மெக்கானிக் கேவின், போனில், எதையோ மென்றபடி.

தள்ளினோம்.
கேட் கீழே. வண்டியின் மூக்கும் கீழே.
பள்ளத்தைப் பார்த்து நிற்பதைப்
பள்ளத்துக்கே தள்ள முடியவில்லை.

"பிரேக்கை விட்டனீரோ?"
"விட்டனான்."
"கியர்?"
"நடுவிலதான் கிடக்கு."
மூன்று நாளில் நானும் குகநேசனும்
பேசிக்கொண்டது இவ்வளவுதான்.
(சண்டை என்னத்துக்கென்று கேட்காதீர்கள்.
வட்டி வீதம், பிறகு அவருடைய தமக்கை,
பிறகு மறுபடி வட்டி வீதம்.)

நியூட்ரல் என்று எழுதியிருந்தது.
நம்பித்தான் தள்ளினோம்.
சக்கரம் உருளவில்லை, உழுதது.
இரண்டு சாண் நீளத்துக்கு இரண்டு கோடு,
மண்ணின் உள்நிறம்.

கயிறு எடுத்துவந்து காரில் கட்டி இழுப்பேன் என்று
அவர் இறங்கிப் போனார்.
நான் புல்லில் குப்புறப் படுத்தேன்.
பாம்பு இருக்கும் என்று தெரியும்.
வேலைக்குப் போகிற சட்டை என்றும் தெரியும்.

காய்ந்த புல், எண்ணெய்ப் பிசுக்கு,
ஏதோ ஒரு எலி கைவிட்ட பஞ்சு.
அதற்கும் பின்னால் ஒரு ஸ்டிக்கர்.
வீட்டுச் சாவியால் சுரண்டினேன்:
முகமில்லாத ஒரு ஆள்
இரண்டு கையாலும் வண்டி தள்ளுகிறான்,
பக்கத்தில் ஒரு அம்புக்குறி.
அம்பு காட்டிய இடத்தில்
பின்சக்கரங்களுக்கு நடுவே
சுண்டுவிரல் தடிப்பில் ஒரு கம்பி,
நுனி மட்டும் வளைந்து.

பிறகு கேவின் சொன்னான்:
சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்தது இரும்பல்ல,
உள்ளே அடைபட்ட எண்ணெய்.
கம்பியை இழுத்தால் அதற்கு வேறு வழி கிடைக்கும்,
அது சுற்றிப் போகும், சக்கரம் போகும்.
வழுக்குவதற்கென்றே பிறந்த சாமான்
இருநூறு கிலோவைச் சரிவில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறது.
நாங்கள்தான் உதைத்தோம், திட்டினோம்.

அதெல்லாம் பிறகு. அப்போது
இழுத்தேன். இறுகிக் கிடந்தது. காலை ஊன்றி இழுத்தேன்.
டக்.

பிரேக்கை விட்டது நானேதான் என்பது
அந்த டக்குக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

முதலில் யோசிக்கிறமாதிரி அசைந்தது.
பிறகு யோசிப்பதை விட்டுவிட்டது.
எஞ்சின் சத்தமில்லாமல்,
வெட்டாத புல்லை இரண்டாகப் பிளந்துகொண்டு,
கயிற்றோடு மேலே ஏறி வருகிற மனுசனை நோக்கி.

"குகன்!" என்று கத்தினேன்.
மூன்று நாளில் முதல் தரம் பெயர்.

அவர் விலகினார். கயிறு விழுந்தது.
புறப்பட்ட பஸ்ஸைத் துரத்துகிறவர்போல
பக்கத்திலேயே ஓடி, ஸ்டியரிங்கைப் பிடித்து,
ஒற்றைக் காலால் தொற்றி,
எப்படியோ ஆசனத்தில் இருந்துவிட்டார்.
ஒரு செருப்பு சரிவிலேயே நின்றது.
பிரேக்கை மிதித்தார், அதுவும் பிடித்தது,
கேட்டுக்கு ஒரு முழம் முன்னால்,
தபால்பெட்டிக்கு ஒரு முழம் பின்னால்.

மடிந்த தகரத்துக்குள்ளிருந்து
ஒரு கடிதம் வெளியே விழுந்தது.
கவுன்சில்தான். இரண்டாவது அறிவித்தல்.

அவர் இறங்கவில்லை.
அங்கேயே இருந்து, மூச்சு வாங்க, உரத்துப் படித்தார்,
தேதி, அபராதத் தொகை, கையெழுத்து எல்லாம்.
நான் செருப்பை எடுத்துக்கொண்டு
வெட்டாத பாதிக்குள்ளால் இறங்கினேன்,
முழங்கால்வரை புல்.