நான்காம் பக்கத்துக் காற்று

பதினேழு வருடம், எவாரிஸ்தோ,
ஒரு பொய்கூட நீ என்னிடம் கேட்டதில்லை.
இரவு பத்தரைக்குத் தொலைபேசி.
"சுலேமா, அந்தக் கடைசிப் பத்தி
இன்றைக்கே வேண்டுமா?"
அவ்வளவுதான்.
நானும் ஒரு பொய்கூட எழுதியதில்லை.
பத்தியை நாளைக்கு வைத்தேன்.
நாளைக்கு வேறு செய்தி வந்தது.

கம்பளி விலை விழுந்த வருடம்
செனட்டில் நீ வாயே திறக்கவில்லை.
அதற்கு "ஆழ்ந்த யோசனை" என்று
பெயர் வைத்தது நான்.
நீயே அதை நம்ப ஆரம்பித்தாய்.

டிசம்பர் கோடையில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்,
உன் பண்ணையிலிருந்து ஆட்டுத்தொடை வரும்,
என் பத்திரிகையிலேயே சுற்றி.
முதல் பக்கத்து உன் படத்தில்
ரத்தம் ஊறியிருக்கும்.
கழுவிவிட்டுச் சமைப்பேன்.

பிறகு அந்தத் துறைமேடை.
உன் மைத்துனன் கட்டியது,
முக்கால்வாசி மணல்.
மூட்டையோடு நின்ற ஓசியேல் பர்ரியா
நீரிணைக்குள் போனான்.
மூட்டை மிதந்தது.

அன்று பத்தரைக்கு நீ அழைக்கவில்லை.
அழைத்திருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ.
மணி அடிக்காத அறையில்
நானாகவே கோத்தேன் தலைப்பை:
காற்றில் சரிந்தது துறைமேடை.

பூந்தா அரெனாஸில் யார் சந்தேகப்படுவார்?
தெருமுனைக்குத் தெருமுனை
கயிறு பிடித்து நடக்கிற ஊர்.
தொப்பி போனாலும் காற்று,
கூரை போனாலும் காற்று.

ஒன்பதாம் நாள் அவன் மனைவி வந்தாள், எர்சிலியா.
அழவில்லை.
கையில் அதே நாளின் நான்காம் பக்கம்,
மீன் கத்தியால் கிழித்த துண்டு.
கப்பல் வருகை, முட்டை விலை,
அதற்கும் கீழே
தினமும் நானே எழுதும் இரண்டு வரி:
நேற்று வானம் தெளிவு.
காற்று: இல்லை.

மேசையில் வைத்தாள்.
அதன் மேல் என் மைப்புட்டியைத் தூக்கி வைத்தாள்,
பறந்துவிடக் கூடாதாம்.

உன்னிடம் சொன்னேன். சிரித்தாய்.
"நான்காம் பக்கத்தை
யார் படிக்கிறார்கள், சுலேமா?"

இப்போது உனக்குச் சிலை வைக்கிறார்கள்.
நகரசபைப் பையன் வாசகம் கேட்டு நிற்கிறான்.
உங்களைவிட அவரை அறிந்தவர் யார் என்கிறான்.
நாற்பது எழுத்தைத் தாண்டினால்
கல்தச்சன் கூலி கூடக் கேட்பானாம்.

சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பினேன்.
மைப்புட்டியை நகர்த்தினால்
துண்டு அங்கேயேதான் இருக்கிறது,
நடுவில் வட்டமாக வெளுத்து,
சுற்றிலும் மஞ்சளாக.

இன்றைக்கும் நான்காம் பக்கம் என் பொறுப்பு.
ஜன்னலைத் திறந்து
எச்சில் தொட்ட விரலை நீட்டிப் பார்க்கிறேன்.
முதலில் இதை எழுதிவிடுகிறேன், எவாரிஸ்தோ.
காற்று: மேற்கிலிருந்து, பலமாக.