குழியிலிருந்து

எனக்கு யார் முகமும் தெரியாது,
துளைதான் தெரியும்.
மற்ற நாட்களில் முயல் உரிக்கிறேன்.
சனிக்கிழமைகளில்
மேனியடோட்டோ மேட்டுவெளியில்
மண்கரைக்குக் கீழே, ஆளுயரக் குழியில் நிற்கிறேன்.
தலைக்கு மேலே இலக்குத் தட்டிகள்,
காலடியில் வாளி நிறையக் கோதுமை மாவுப் பசை.
அறுநூறு கெஜத்துக்கு அப்பால் படுத்துக்கிடக்கிறவர்களுக்கு
என்னைச் சுடாமலிருக்கக் கூலி கிடையாது.
நான் அங்கே நிற்க நான்கு ஷில்லிங்.

துளை முதலில் வரும்.
வெடிச்சத்தம் பின்னால் வரும்,
பந்தி முடிந்தபின் வந்து சேரும் விருந்தாளி மாதிரி.
நடுக் கறுப்பில் பட்டால் ஐந்து, வெள்ளை வட்டைத் தூக்குவேன்.
கறுப்பை ஒட்டிப் பட்டால் நான்கு, சிவப்பு வட்டு.
தட்டியைத் தொடாமல் மண்ணைத் தின்றால்
கொடியை இடவலமாக ஆட்டவேண்டும்.
அவனவன் மனைவியும் பார்த்துக்கொண்டிருப்பாள்;
சுருக்கமாக ஆட்டிவிட்டு இறக்கிவிடுவேன்.

அந்த மார்ச்சில்
தொண்டர் படைக்கும் ஊர் கிளப்புக்கும் போட்டி.
படைக்காரர்கள் பித்தளைப் பொத்தான் மின்ன வந்தார்கள்;
திங்கட்கிழமை விடிந்தால்
அவர்களும் மளிகைக் கடையில் மாவு நிறுப்பவர்கள்தான்.
கிளப்காரர்கள்
தங்கம் வாரும் படகிலிருந்து நேரே,
சேறு காயாத பூட்ஸோடு.
பரிசு ஒரு வெள்ளித் தேநீர்க் கெண்டி,
கூடவே உப்பிட்ட பன்றித் தொடை ஒன்று.
கெண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை.

காற்று அன்று கோள்மூட்டிக்கொண்டு திரிந்தது,
இந்தக் கொடியிடம் ஒன்று, அந்தக் கொடியிடம் வேறொன்று.

சார்ஜென்ட் டுகால்ட் ரின்டூல்
ஆப்பிரிக்கப் போருக்குப் போய்த் திரும்பியவன்.
அவன் துளைகள் எப்போதும்
கறுப்பின் கீழே, இடப்பக்கம் ஒண்டும்,
கடிகாரத்தில் ஏழு இருக்குமிடம்.
அம்ப்ரோஸ் ட்ரெகியர், கார்ன்வால் சுரங்கக்காரன் மகன்.
அவனுடையவை
இரண்டு மணிப் பக்கமாக ஏறிக்கொண்டே போகும்.
கையெழுத்தை மாற்றி எழுதலாம்.
இதை மாற்ற முடியாது.

ஆளுக்குக் கடைசித் தோட்டா.
ரின்டூல் நான்கு புள்ளி முன்னால்.
இரண்டு வெடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி.

ரின்டூலின் தட்டி
அப்போதுதான் வெளுத்துக் காயப்போட்ட துணிபோல் இருந்தது.
ட்ரெகியரின் தட்டியில் இரண்டு துளை.
ஒன்று கறுப்புக்குள், கீழே, இடது, ஏழு மணி.
மற்றது கறுப்புக்கு வெளியே,
இரண்டு மணி.

விதிப்புத்தகம் தெளிவாகத்தான் இருக்கிறது.
தட்டி மாறிச் சுட்டவனுக்குப் பூஜ்யம்.
எந்தத் துளை யாருடையது என்று தெரியாவிட்டால்
தட்டிக்காரனுக்குப் பெரிய எண்.
தெரியாவிட்டால்.

சிவப்பைத் தூக்கினால் சமம், மறுபடி சுடவேண்டும்.
வெள்ளையைத் தூக்கினால் முடிந்தது.

வெள்ளையைத் தூக்கினேன்.
ஏன் என்கிறீர்களா,
கால் மரத்துவிட்டது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது,
போருக்குப் போனவன் இதற்கு அழமாட்டான் என்று நினைத்தேன்,
நான்கு ஷில்லிங் தந்தது கிளப்.
பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

தூரத்தில் தொப்பிகள் எழும்பின.
ஆரவாரம் வழக்கம்போல் பிந்தி வந்தது.

பிறகு ட்ரெகியர் நடந்து வந்தான்,
அறுநூறு கெஜமும்,
துணி சுற்றிய தொடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
குழிக்குள் எட்டிப் பார்த்தான்.
"இஸ்பிஸ்டர், எது என்னுடையது?"

அதற்குள் ஒட்டியாகிவிட்டது,
கறுப்பில் கறுப்புத் தாள், வெள்ளையில் வெள்ளை.
இறங்கி வந்து தட்டியை விரலால் தடவினான்.
பகலில் ஒட்டியவை காய்ந்து விறைத்திருந்தன,
இரண்டு மட்டும் ஈரம்.
ஏழு மணியில் தொட்டுவிட்டு எடுத்தான்.
இரண்டு மணியில் விரல் நின்றது,
விசையை இழுக்கும் அதே விரல்,
நான் வாளியைக் கழுவி முடிக்கும்வரை நின்றது.

பசையைக் கால்சட்டையில் துடைத்தான்.
தொடையைப் பலகைமேல் வைத்துச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தான்.
கத்தி இருக்கிறதா என்றான்.
முயல் கத்தியைக் கொடுத்தேன்.
எத்தனை பங்கு என்று
நான் கேட்கவில்லை.